சீமைச் சுண்ணாம்பு வயலுக்கு எந்தத் தண்ணீர்?

“கிளேர் ரிட்ஜில் உப்பு குறைந்த தண்ணீரைப் பாறைக்குள் இறக்கிக் கூடுதலாக எண்ணெய் எடுக்கிறார்களாமே, எக்கோஃபிஸ்க் மாதிரி எண்ணெய் வயல்களிலும் அதையே செய்தால் என்ன?” வடகடல் எண்ணெய் பற்றிய பேச்சில் எப்படியும் ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். நியாயமான கேள்விதான். ஷெட்லாந்து தீவுகளுக்கு மேற்கே பிபி நிறுவனம் 2018 நவம்பரில் உற்பத்தி தொடங்கிய கிளேர் ரிட்ஜ், உப்பைக் குறைத்த நீரை இறக்கும் ஏற்பாட்டோடு கடலில் வந்த முதல் திட்டம். வயலின் ஆயுளுக்குள் 4 கோடி பீப்பாய் வரை கூடுதலாகக் கிடைக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஆனால் அது மணற்கல். நார்வேயின் எக்கோஃபிஸ்க், வால்ஹால், டென்மார்க்கின் டான், ஹால்ஃப்டான் எல்லாம் சீமைச் சுண்ணாம்பு. அங்கே கேட்ட மருந்து இங்கே கேட்காது. ஏன் கேட்காது, அப்படியானால் எந்தத் தண்ணீரை இறக்கலாம் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

சீமைச் சுண்ணாம்பு என்றதும் பள்ளிக்கூட சாக்பீஸ்தான் நினைவுக்கு வரும். கடையில் விற்கிற சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். வடகடலுக்கு அடியில் இருப்பது அசல் சரக்கு, கால்சியம் கார்பனேட். டைனோசர்களின் கடைசிக் காலத்திலும் அவை அழிந்த கையோடும், கடலில் மிதந்த ஒற்றைச்செல் பாசிகள் உடம்பில் போர்த்தியிருந்த பொடிப்பொடித் தகடுகள் உதிர்ந்து படிந்து இறுகியது. எக்கோஃபிஸ்க்கில் பாறையின் கன அளவில் 30, 40 சதவீதம் வரை வெறும் துளை. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் துளைக்கும் துளைக்கும் நடுவே உள்ள கழுத்து அவ்வளவு குறுகல். பாறைக்கட்டிக்குள் திரவம் ஊடுருவும் திறன், அதை அளக்கும் மில்லிடார்சி என்ற அலகில், ஒரு சிலதான்; மிகக் குறைவு. நாம் இறக்கும் தண்ணீர் வெடிப்புகள் வழியாக ஓடிவிடும். வெடிப்புகளுக்கு நடுவே நிற்கும் கட்டிகளிலிருந்து எண்ணெய் வர வேண்டுமானால், கட்டி தானாகவே தண்ணீரை உறிஞ்ச வேண்டும். காய்ந்த செங்கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் குமிழ் விட்டபடி குடிக்குமே, அப்படி. பாறைக்குத் தண்ணீர் மேல் ஆசையா, எண்ணெய் மேல் ஆசையா என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

எக்கோஃபிஸ்க் கண்டுபிடிக்கப்பட்டது 1969-இல், உற்பத்தி 1971-இல். அன்றைக்கு அவர்கள் எதிர்பார்த்தது, உள்ளே இருக்கும் எண்ணெயில் 17 சதவீதம் போலத்தான். 1987-இல் கடல்நீரை இறக்கத் தொடங்கினார்கள். இன்றைய எதிர்பார்ப்பு 50 சதவீதத்துக்கு மேல். சுண்ணாம்புப் பாறையில் தண்ணீர் எடுபடுமா என்றே முதலில் சந்தேகம் இருந்தது. அது இவ்வளவு நன்றாக எடுபட்டது ஏன் என்ற கேள்விக்கு நார்வேயின் ஸ்டவாங்கர் பல்கலைக்கழகத்தில் டோர் ஆவ்ஸ்டாட் குழுவினர் பல ஆண்டுகள் செலவழித்தார்கள்.

அவர்கள் சொல்வது சுருக்கமாக இது. சுண்ணாம்பின் மேற்பரப்பு நேர்மின்னேற்றம் கொண்டது. கச்சா எண்ணெயில் உள்ள கரிம அமிலங்கள் எதிர்மின்னேற்றத்தோடு அதில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டுதான் பாறையை எண்ணெய்ப் பக்கம் சாய்க்கிறது. கடல்நீரில் இருக்கும் சல்பேட் மேற்பரப்பில் போய் உட்கார்ந்து அதன் மின்னேற்றத்தைத் தணிக்கிறது. உடனே கால்சியம் பக்கத்தில் வந்து அமிலத்தைப் பிடித்துக் கழற்றுகிறது. சூடு கூடினால் மெக்னீசியமும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து இதே வேலையைச் செய்கிறது. ஆக, வேலைக்காரர்கள் மூன்று பேர்: சல்பேட், கால்சியம், மெக்னீசியம். கடல்நீரின் உப்பில் முக்கால் பங்குக்கும் மேலான சாதாரணச் சமையல் உப்புக்கு இதில் ஒரு வேலையும் கிடையாது. வேலையில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை, படிக்கட்டிலேயே நின்றுகொண்டு ஏற வேண்டியவர்களை ஏறவிடாத பஸ் கூட்டம் மாதிரி மேற்பரப்பை மொய்த்துக்கொண்டு நிற்கிறது.

மணற்கல்லில் கதை வேறு. அங்கே எண்ணெயைப் பிடித்து வைப்பவை களிமண் கனிமங்கள். மொத்த உப்பு குறைந்தால் பிடி தளர்கிறது. சுத்தமான சீமைச் சுண்ணாம்பில் அந்தக் களிமண் கிட்டத்தட்ட இல்லை.

இப்போது கையில் இருக்கும் வழிகள் நான்கு. கடல்நீரையே தொடர்வது ஒன்று. கடல்நீரை நீர்த்துப்போகச் செய்து, அல்லது ஆர்ஓ ஆலையில் ஓட்டி, மொத்த உப்பையும் குறைத்து இறக்குவது இன்னொன்று. சமையல் உப்பை மட்டும் குறைத்து, மூன்று வேலைக்காரர்களையும் விட்டுவைத்த “பதம் பார்த்த” நீர் மூன்றாவது. எண்ணெயோடு மேலே வரும் நீரையே சுத்தம் செய்து திருப்பி அனுப்புவது நான்காவது.

இரண்டாவது வழியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் குழப்பமெல்லாம் அங்கேதான். டென்மார்க்கில் கோபன்ஹேகனுக்குத் தெற்கே ஸ்டீவன்ஸ் கிளிண்ட் என்ற கடலோரப் பாறைச்சரிவு இருக்கிறது. 2014-இலிருந்து உலகப் பாரம்பரியக் களம். ஆய்வகங்கள் பயன்படுத்தும் வெள்ளைக் கட்டிகளில் பெரும்பங்கு அந்தப் பகுதிச் சுரங்கத்திலிருந்து வருபவை. விரல் நீளத்துக்கு உருளையாகக் கடைந்து, எண்ணெய் ஏற்றி, சூட்டில் வாரக்கணக்கில் ஊறவைத்து, பிறகு அழுத்தமான கலத்துக்குள் சோதனை நீரில் மூழ்க வைப்பார்கள். நீர் சரியாக அமைந்தால் உருளையின் வெள்ளை முதுகில் ஒவ்வொன்றாகப் பழுப்புநிற மணிகள் அரும்பும். பெருத்து, கழன்று, மேலே ஏறி அளவுக்குழாயில் சேரும். சரியாக அமையாவிட்டால் இரண்டு நாளில் அரும்புவது நின்றுவிடும். அப்புறம் எத்தனை வாரம் காத்திருந்தாலும் கோடு நகராது.

ஸ்டவாங்கர் குழு 2010 வாக்கில் வெளியிட்ட சோதனைகளில், 100 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், நீர்க்கப்பட்ட கடல்நீர் சாதாரணக் கடல்நீரைவிடக் குறைவான எண்ணெயைத்தான் வெளியேற்றியது. ஆச்சரியமில்லை. நீர்க்கும்போது வேலைக்காரர்களையும் சேர்த்தல்லவா வெளியே அனுப்பிவிட்டோம். அதே சோதனையில் சமையல் உப்பை மட்டும் நீக்கிய கடல்நீர், சாதாரணக் கடல்நீரைவிட, தொடக்கத்தில் கட்டியில் இருந்த எண்ணெயில் சுமார் 10 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தது. அதன் மேல் சல்பேட்டை நான்கு மடங்காக்கியபோது இன்னும் கூடியது. சுண்ணாம்பைப் பொறுத்தவரை எவ்வளவு உப்பு என்று கேட்பதற்கு முன்னால் எந்த உப்பு என்று கேட்க வேண்டும்.

“சவூதி அராம்கோ நீர்த்த கடல்நீரை வைத்தே சாதித்ததே?” என்று யாராவது உடனே மடக்குவார்கள். உண்மைதான். 2010-ஐ ஒட்டி அவர்கள் வெளியிட்ட பரிசோதனையில், சுமார் 57,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) உப்புள்ள வளைகுடாக் கடல்நீரை ஓட்டி முடித்த பிறகு, அதை இரண்டு மடங்கு, பத்து மடங்கு, இருபது மடங்கு என்று படிப்படியாக நீர்த்து ஓட்டினார்கள். மொத்தமாக 18 சதவீதம் அளவுக்குக் கூடுதல் எண்ணெய் வந்தது. ஆனால் அந்தப் பாறை சீமைச் சுண்ணாம்பு அல்ல, சுண்ணாம்புக்கல். அதில் அன்ஹைட்ரைட், அதாவது நீரற்ற கால்சியம் சல்பேட், கொஞ்சம் இருந்தது. நீர்த்த தண்ணீர் அந்தக் கனிமத்தைக் கரைத்து, உள்ளேயே சல்பேட்டைப் பிறப்பித்துக்கொண்டது என்பது ஆவ்ஸ்டாட் குழு 2012-இல் வைத்த விளக்கம். எனக்கு இதுதான் பொருந்துகிறது. வெறும் தண்ணீரை ஊற்றியும் சாதம் உப்பாக இருக்கிறதென்றால், உப்பு ஏற்கெனவே பானைக்குள் இருந்திருக்கிறது. எனவே வயலின் பாறையில் அன்ஹைட்ரைட் உண்டா என்று எக்ஸ்-கதிர் ஆய்வில் பார்க்காமல் ஆர்ஓ ஆலைக்குப் பணம் ஒதுக்குவது வீண்.

மூன்றாவது வழிதான் இந்த ஒப்பீட்டின் சுவாரசியமான இடம். சிக்கலும் அங்கேதான்.

சமையல் உப்பை மட்டும் எப்படி நீக்குவது? வீட்டு ஆர்ஓ மாதிரி இறுக்கமான சவ்வு எல்லா உப்பையும் தடுக்கும். நானோ வடிகட்டிச் சவ்வு கொஞ்சம் தாராளம்: சோடியம், குளோரைடை ஏறக்குறைய அப்படியே விடும்; சல்பேட்டை நிறுத்தும், மெக்னீசியத்தையும் பெரும்பாலும் நிறுத்தும், கால்சியத்தை ஓரளவு. இந்தச் சவ்வு எண்ணெய்த் தொழிலுக்குப் புதிதல்ல. 1988-இல் வடகடலின் தெற்கு பிரே வயலில் கடல்நீரிலிருந்து சல்பேட்டை நீக்குவதற்காகவே இதை நிறுவினார்கள். அவர்கள் சவ்வைத் தாண்டி வந்த நீரைப் பாறைக்குள் அனுப்பினார்கள், சவ்வு தடுத்ததைக் கடலில் கொட்டினார்கள். சுண்ணாம்புக்கு நமக்கு வேண்டியது அந்தக் கொட்டுகிற நீர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 லிட்டர் கடல்நீரை நானோ சவ்வில் விட்டு 3 லிட்டரைக் கடக்க விட்டால், மிஞ்சும் 1 லிட்டரில் சல்பேட் கிட்டத்தட்ட நான்கு மடங்கு, சமையல் உப்பு கடல்நீரில் உள்ள அளவே. அந்த 1 லிட்டரோடு 3 லிட்டர் ஆர்ஓ நீரைக் கலந்தால், சல்பேட் கடல்நீர் அளவிலும் சமையல் உப்பு கால் பங்குக்குச் சற்று மேலும் இருக்கும் 4 லிட்டர் கிடைக்கும். அந்த 3 லிட்டர் ஆர்ஓ நீருக்கு, நானோ சவ்வைக் கடந்த நீரையே 6 லிட்டர் ஊட்ட வேண்டும், பாதிதான் தேறும். ஆக, 4 லிட்டர் பதமான நீருக்குக் கடலிலிருந்து 8 லிட்டர் இறைக்க வேண்டும். இறைப்பான்கள், சவ்வு அடுக்குகள், மின்சாரம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடலில் நிற்கும் எண்ணெய் மேடையில் இடமும் எடை தாங்கும் வலுவும். கரையில் இது சாதாரண விஷயம். 70 மீட்டர் ஆழக் கடலில், நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன்னால் கட்டிய மேடையில் ஒவ்வொரு டன்னுக்கும் சண்டை நடக்கும்.

நான்கு மடங்கு சல்பேட் என்ற ஆய்வகக் கனவை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். கடல்நீரில் சல்பேட் லிட்டருக்கு 2.7 கிராம். நான்கு மடங்காக்க மேலும் 8.1 கிராம் வேண்டும்; சோடியம் சல்பேட்டாகப் போட்டால் லிட்டருக்கு 12 கிராம். நாளொன்றுக்கு ஒரு லட்சம் பீப்பாய் நீர், அதாவது 15,900 கன மீட்டர் இறக்கும் வயலுக்கு, தினமும் சுமார் 190 டன் பொடியைக் கப்பலில் கொண்டுபோக வேண்டும். போதாக்குறைக்கு, சூடு கூடக் கூடக் கால்சியம் சல்பேட்டின் கரையும் திறன் குறைகிறது. 130 டிகிரியில் அவ்வளவு சல்பேட் பாறைக்குள்ளேயே படிந்து கழுத்துகளை அடைத்துவிடலாம். நான்கு மடங்கை மறந்துவிடுவோம். சல்பேட்டை அப்படியே விட்டு, சமையல் உப்பைக் கால் பங்குக்கு இறக்குவது மட்டும்தான் நடைமுறைக்கு வரக்கூடியது.

நட்டப் பக்கத்தில் முதலில் வருவதும் அதே சல்பேட்தான். ஸ்டீவன்ஸ் கிளிண்ட் கட்டிகளில் இயற்கையாகவே கொஞ்சம் சல்பேட் ஒட்டியிருக்கும். சோதனைக்கு முன் வடிநீரை (உப்பில்லாத சுத்த நீரை) ஓட்டி அதைக் கழுவுவார்கள். கழுவி முடிந்ததா என்று பார்க்க, வெளியே வரும் நீரில் பேரியம் கரைசலைச் சேர்த்துப் பார்ப்பார்கள். சல்பேட் மிச்சமிருந்தால் நீர் சட்டென்று பால் கலந்த மாதிரி வெளுக்கும். கண்ணாடிக் குப்பியில் இது அழகான காட்சி. இதே வெளுப்பு உற்பத்திக் கிணற்றின் குழாய்க்குள் நடந்தால், அதாவது பாறை நீரில் உள்ள பேரியமும் நாம் அனுப்பிய சல்பேட்டும் அங்கே சந்தித்தால், கல்லாக இறுகிய படிவு வரும். அமிலத்துக்கும் எளிதில் மசியாது. தெற்கு பிரேயில் சல்பேட்டை நீக்கியதே இந்தப் பயத்தால்தான். அப்புறம், சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடு விடும் பாக்டீரியாக்கள், தண்ணீரை இறக்கும் செலுத்துக் கிணற்றைச் சுற்றிக் குளிர்ந்த பகுதியில் குடியேறும். கடல்நீரை இறக்கும் எந்த வயலுக்கும் இந்த இரண்டு தொல்லைகளும் ஏற்கெனவே உண்டு. பதமான நீர் அவற்றைக் குறைக்காது, அவ்வளவே.

பாறை நொறுங்குவது இதைவிடப் பெரிய விஷயம். எண்ணெய் எடுக்க எடுக்க அழுத்தம் இறங்கி, எக்கோஃபிஸ்க்கின் கடலடி அமிழ்வது 1984-இல் தெரியவந்தது. 1987-இல் மேடைகளை அடியில் வெட்டி 6 மீட்டர் உயர்த்தினார்கள். 1998-இல் புதிய வளாகமே வந்தது. வேடிக்கை என்னவென்றால், தண்ணீரை இறக்கி அழுத்தம் மீண்ட பிறகும் அமிழ்வது நிற்கவில்லை. கடல்நீரே சுண்ணாம்பைப் பலவீனப்படுத்துகிறது. 130 டிகிரி சூட்டில் சல்பேட் துகள்களுக்கு நடுவே உள்ள பிடிப்பைத் தளர்த்துவதும், மெக்னீசியம் உள்ளே போய்க் கால்சியம் வெளியேறுவதும் ஆய்வகத்தில் நன்றாகவே பதிவாகியிருக்கின்றன. எண்ணெயைக் கழற்றிவிடும் அதே மூவர்தான் பாறையின் எலும்பையும் தளர்த்துகிறார்கள். இது முழுக்கத் தீமையும் அல்ல. பஞ்சைப் பிழிவது மாதிரி, அமிழும் பாறை எண்ணெயைப் பிழிந்து தள்ளும். வால்ஹாலில் உற்பத்தியின் கணிசமான பங்கு அப்படி வந்தது. ஆனால் மேடையின் கால் எவ்வளவு உயரத்துக்குக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரியாமல் இதை நன்மை என்று எழுதிவிடக் கூடாது. உறிஞ்சும் சோதனைக்கு எந்த நீரோ, அதே நீரில் வலுச் சோதனையும் நடந்தாக வேண்டும்.

நான்காவது வழி, மேலே வரும் நீரைத் திருப்பி அனுப்புவது, செலவில் மலிவு. கடலில் கொட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் குறையும். ஆனால் பாறைக்குள் போய்வந்த நீரில் சல்பேட் குறைந்திருக்கும், உப்பு கூடியிருக்கும், துகளும் எண்ணெய்த் துளியும் இருக்கும். அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க ஆகும், பாறையின் மனத்தை மாற்ற ஆகாது. தண்ணீரை விட்டு வாயுவுக்குப் போகலாமே என்றால், எக்கோஃபிஸ்க்கில் 1990-களில் தண்ணீரும் வாயுவும் மாற்றி மாற்றிச் செலுத்திப் பார்த்தார்கள். கடல்நீர் குளிர்வித்த கிணற்றோரத்தில் ஹைட்ரேட் (தண்ணீரும் வாயுவும் சேர்ந்து பனிக்கட்டி மாதிரி ஆவது) உறைந்து வாயு உள்ளே போக மறுத்தது.

சரி, எதை எடுப்பது? என் கணக்கில் முதல் கேள்வி சூடு, இரண்டாவது வயலின் வயது.

எக்கோஃபிஸ்க் 130 டிகிரி, 1987-இலிருந்து கடல்நீர் குடித்த பாறை. அந்தச் சூட்டில் கடல்நீரே தன் வேலையை நன்றாகச் செய்கிறது. ஏற்கெனவே அலசிய கட்டியில் இரண்டாம் முறை வேறு நீரை விட்டால் கிடைப்பது, முதல் நாளிலிருந்தே அதை விட்டிருந்தால் கிடைத்திருப்பதைவிடப் பொதுவாகக் குறைவு. போதாததற்குச் செலுத்துக் கிணற்றைச் சுற்றி இத்தனை வருடக் கடல்நீர் பாறையைக் குளிரவைத்திருக்கிறது. வேதியியல் நடக்க வேண்டிய இடம் தள்ளிப் போயிருக்கிறது. அங்கே நான் புதுத் தண்ணீருக்கு ஒரு காசும் கேட்க மாட்டேன். இருக்கும் கிணறுகளுக்கு நடுவே இடைக் கிணறுகள் தோண்டவே கேட்பேன்.

வால்ஹால் சுமார் 90 டிகிரி. கடல்நீர் வேலை செய்யும் எல்லையின் ஓரத்தில் நிற்கிறது. தண்ணீர் வந்தது 2004-இல்தான். இப்படிப்பட்ட சூட்டில், இன்னும் தண்ணீர் தொடாத பக்கவாட்டுப் பகுதியோ புது வயலோ கிடைத்தால், பதமான நீருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. முதல் பீப்பாயிலிருந்தே இறக்க வேண்டும், நடுவில் மாற்றுவது என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

டான், ஹால்ஃப்டான் பக்கம் வந்தால் ஆழம் சுமார் 2 கிலோமீட்டர், சூடு 70, 80 டிகிரி. அந்த மூவரும் அங்கே சோம்பேறிகள். சமையல் உப்பை நீக்கினாலும் பலன் ஆய்வகத்தின் சூடான கலத்தில் கண்ட அளவுக்கு வராது. இன்னொன்று, டென்மார்க் நாடாளுமன்றம் 2020 டிசம்பரில் எடுத்த முடிவின்படி 2050-க்குள் வடகடலில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தியாக வேண்டும். புதிய சவ்வு ஆலை வடிவமைத்து, கட்டி, நீர் பாறையில் நகர்ந்து, எண்ணெய் மேலே வர எத்தனை வருடம் ஆகும் என்று பின்னோக்கி எண்ணினால் கை நிற்கிற இடம் சுகமாக இல்லை. அங்கே கடல்நீரும் திருப்பி அனுப்பும் நீரும் போதும்.

எந்த வயலானாலும் ஆய்வக அறிக்கை மேசைக்கு வரும்போது சதவீதத்தைக் கடைசியில் பாருங்கள். எந்த எண்ணெய், அதன் அமில எண் (அதில் எவ்வளவு அமிலம் என்பதைக் காட்டுவது) என்ன, எந்தச் சூடு, வெளியில் வெட்டிய கட்டியா, கிணற்றிலிருந்து எடுத்த உருளையா என்பதை முதலில் கேளுங்கள். தானாக உறிஞ்சியதா, அழுத்தித் தள்ளியதா என்றும் கேளுங்கள். தள்ளும்போது நீருக்கு நீர் வித்தியாசம் சுருங்கிவிடுவது வழக்கம். வெளியில் வெட்டிய கட்டி என்றால், எண்ணெய் ஏற்றும் முன் வடிநீரில் கழுவினார்களா, கடைசியாக வந்த நீரில் பேரியம் விட்டபோது குப்பி தெளிவாகவே இருந்ததா என்று கேளுங்கள். கழுவாத கட்டி, உள்ளே ஒளிந்திருக்கும் சல்பேட்டால் எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் குடிக்கும்; நான்கு வழிகளும் ஒரே மாதிரி தெரியும்.